அளக்காமலே ‘மாற்றமில்லை’ என்று எழுதியவர்களுக்கு

நில அதிர்வுக்குப் பிறகு, மலேசியாவின் ஜொகூரில் உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தைப் பார்வையிட்ட ஆய்வுக் குழுவினருக்கும், அந்த அறிக்கையை ஏற்றுப் பூச்சு வேலைக்கு ஒப்புதல் தந்த அதிகாரிகளுக்கும்:

உங்கள் அறிக்கை மொத்தம் ஒன்றரைப் பக்கம். நான்கு முறை படித்துவிட்டேன். இரண்டாம் பத்தியில் வரும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: விரிசல்கள் மேற்பூச்சில் மட்டுமே உள்ளன, கட்டடத்தின் விறைப்பில் (அசைவை எதிர்த்து நிற்கும் தன்மையில்) மாற்றம் ஏதும் இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். மாற்றமில்லை என்று சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும். முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது. முன்பு எடுத்த அளவு உங்களிடம் இல்லை. இப்போதும் நீங்கள் எதையும் அளக்கவில்லை. பிறகு எந்தக் கணக்கில் அந்த வரியை எழுதினீர்கள்?

நீங்கள் வந்த காலையில் நானும் பள்ளியில்தான் இருந்தேன். பேத்தியை வகுப்பில் விட்டுவிட்டுச் சிற்றுண்டிச்சாலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இருவர் வந்தீர்கள். கையில் ஒரு கோப்பு, இரண்டு கைப்பேசிகள். விரிசலின் அகலம் பார்க்கும் பிளாஸ்டிக் அட்டை இல்லை, சுத்தியல் இல்லை, தூக்குக்குண்டும் இல்லை. படம் எடுத்தீர்கள், மாடி ஏறினீர்கள், இறங்கினீர்கள். நான் இரண்டாவது கோப்பியை முடிப்பதற்குள் உங்கள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு இன்னும் சில கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. வேலைப்பளு எனக்குப் புரிகிறது. நேரம் இல்லாவிட்டால் ‘அளக்கவில்லை’ என்று எழுதியிருக்கலாம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பொறியாளன் அல்லன். பால்மரம் சீவியவரின் மகன். இந்த ஊருக்கு வெளியே இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் 31 ஆண்டுகள் பொருத்துநராக (ஃபிட்டராக) வேலை செய்து ஓய்வு பெற்றவன். இதே பள்ளி தோட்டத்துக்குள் பலகைக் கொட்டகையாக இருந்த காலத்தில் அதில் படித்தவன். இன்றைய மூன்று மாடிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது தோட்டத்து மக்கள் சம்பள நாளில் வரிசையில் நின்று நிதி கொடுத்தது நினைவிருக்கிறது. தரைத்தளம் திறந்த சிற்றுண்டிச்சாலை, மேலே இரண்டு மாடிகளில் வகுப்புகள். பக்கத்தில் அதே வரைபடத்தில், அதே ஆண்டில் எழுந்த இன்னொரு கட்டடம். இந்த இரண்டாவது கட்டடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.13. சிகாமட் பக்கம் 4.1 ரிக்டர் அளவில் நில அதிர்வு. எங்கள் வீட்டில் பூஜையறை விளக்கின் சங்கிலி ஆடியது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. லாரி போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த சில நாள்களில் இன்னும் சில சிறு அதிர்வுகள் வந்தன. முதல் அதிர்வு ஞாயிறு காலையில் வந்ததால் பள்ளியில் பிள்ளைகள் இல்லை. அதற்காக முருகனுக்குத் தேங்காய் உடைத்தோம். தேங்காய் உடைத்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது என்பதால்தான் மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

சிற்றுண்டிச்சாலையில் கால்வாய்ப் பக்கம், தூணுக்கும் தூணுக்கும் இடையே இடுப்பளவு செங்கல் சுவர் இருக்கிறது. பிள்ளைகள் கை கழுவும் குழாய்கள் அதன்மேல்தான். அந்தச் சுவர் தூணின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்வதால், ஆட்டம் வரும்போது மேல்பாதி மட்டுமே வளைய வேண்டியிருக்கிறது. நீளத் தூண் குட்டைத் தூணாகிவிடுகிறது. குட்டைத் தூண் வளையாது, வெட்டுப்படும். நிலநடுக்கம் கண்ட நாடுகளில் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பழைய பாடம் இது. கிழக்கிலிருந்து மூன்றாவது தூணில், சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே தொடங்கி, சாய்வாக மேலேறும் விரிசலைப் பார்த்தேன். மறுபக்கம் போய்ப் பார்த்தால் அங்கிருந்து எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி.

பொருத்துநரின் பெட்டியில் ‘ஃபீலர் கேஜ்’ இருக்கும். விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும். அதைக் கொண்டுபோய் நுழைத்துப் பார்த்தேன். 0.30 மில்லிமீட்டர் தகடு போனது, 0.40 போகவில்லை. 0.30 தகட்டை மெல்ல உள்ளே தள்ளினேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர் வரை போனது. அதே தூணில் பூச்சு பெயர்ந்திருந்த ஓர் இடத்தில் பூச்சின் கனத்தையும் அளந்தேன், பதினைந்து மில்லிமீட்டர். பதினைந்து மில்லிமீட்டர் பூச்சுக்குள் முப்பத்தைந்து மில்லிமீட்டர் விரிசல் எப்படி அடங்கும்? மிச்சம் இருபது மில்லிமீட்டர் காங்கிரீட்டுக்குள்தானே போயிருக்க வேண்டும்?

ஜப்பானில் நிலநடுக்கத்துக்குப் பிறகு காங்கிரீட் தூண்களை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். விரிசல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முதல் படி. 0.2 முதல் 1 வரை இரண்டாம் படி. 2 மில்லிமீட்டரைத் தாண்டிக் காங்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தால் நான்காம் படி. கம்பி நெளிந்து தூண் நசுங்கினால் ஐந்தாம் படி. எங்கள் தூண் அந்தக் கணக்கில் இரண்டாம் படி. பயந்து ஓட வேண்டிய நிலை இல்லை. ஆனால் இரண்டாம் படியில் இருப்பதைப் ‘பூச்சு விரிசல்’ என்று எந்த ஜப்பானியப் பொறியாளரும் எழுதமாட்டார்.

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிழுத்துத் தேதி எழுதினேன். அறிவியல் அறையிலிருந்து மூன்று கண்ணாடிச் சில்லுகளை வாங்கி, விரிசலின் குறுக்கே ஒட்டவைத்தேன். பழங்காலத்து வித்தைதான். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இருபத்து மூன்றாம் நாள் காலையில் நடுச்சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. வெயிலுக்கும் குளிருக்கும் காங்கிரீட் விரிந்து சுருங்குவதாலும் அப்படி ஆகலாம் என்பது எனக்கும் தெரியும். ஒரு சில்லை வைத்துக்கொண்டு ஊரைக் கிளப்ப நான் விரும்பவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றிருந்தேன்.

அதற்குள் உங்கள் ஒப்புதலோடு குத்தகையாளரின் (காண்டிராக்டரின்) ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிட்டார்கள். கண்ணாடிச் சில்லுகளைச் சுரண்டி எடுத்து, புட்டி என்னும் சுவர்ப் பசையை வைத்துத் தேய்த்து, பென்சில் தேதிகளின் மேல் இளமஞ்சள் பூசிவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பையன்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்குக் கொடுத்த வேலையைச் செய்தார்கள். விரிசலுக்குள் பிசினை அழுத்தத்தோடு செலுத்தி அடைத்தால் இழந்த விறைப்பில் ஒரு பகுதியாவது திரும்பும். புட்டி எதையும் திருப்பித் தராது. நாளை இன்னோர் அதிர்வு வந்தால் எது பழைய விரிசல், எது புதியது என்று சொல்ல முடியாமல் செய்ததுதான் அது.

விறைப்பு என்றால் என்ன என்பதை உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? இந்த மடலைப் படிக்கும் பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முன்பு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உறுமியை எடுத்து வாரை இழுத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் இறுகினால் ஓசை ஏறும், தளர்ந்தால் இறங்கும். தோல் கிழிய வேண்டும் என்பதில்லை, தளர்ந்தாலே போதும், ஓசை காட்டிக்கொடுத்துவிடும். கட்டடத்துக்கும் ஓர் ஓசை உண்டு. நம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்தது. மாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1 விநாடி என்பது பழைய கைக்கணக்கு. மூன்று மாடிக் கட்டடம் ஒருமுறை போய்வர 0.3 விநாடி, அதாவது விநாடிக்கு மூன்று முறைக்குச் சற்று மேல். காற்று, சாலையில் போகும் லாரி, மணி அடித்ததும் படியில் ஓடும் பிள்ளைகள், எல்லாம் அதை ஓயாமல் சிறிதளவு அசைத்துக்கொண்டே இருக்கின்றன. நுண்ணிய அதிர்வுமானியை மொட்டைமாடியில் அரை மணி நேரம் வைத்தால் அந்த எண், அதாவது அதிர்வெண், கிடைத்துவிடும். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடை மாறாமல் இருந்தால், விறைப்பு அந்த அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு சேர்ந்து போகும். அதிர்வெண் பத்து சதவீதம் குறைந்தால் விறைப்பு 19 சதவீதம் போய்விட்டது என்று பொருள். முப்பது சதவீதம் குறைந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. விநாடிக்கு 3.3 இருந்தது 2.8 ஆனால் பார்ப்பதற்கு அற்ப வித்தியாசம், ஆனால் கால் பங்குக்கும் மேல் விறைப்பு காணாமல் போயிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஆலையில் கற்றுக்கொண்டேன். எண்ணெய் வடிகட்டும் அதிர்சல்லடை ஒன்று பல ஆண்டுகள் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதன் தாங்குசட்டம் பேய் பிடித்ததுபோல் ஆடத் தொடங்கியது. மோட்டார் மாறவில்லை, வேகமும் மாறவில்லை, நிமிடத்துக்கு அதே 1450 சுற்று, விநாடிக்கு 24. பேரிங்கை மாற்றினோம், பெல்ட்டை மாற்றினோம், ஆட்டம் நிற்கவில்லை. எங்கள் போர்மேன் சட்டத்தின் ஒவ்வொரு காலையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நான்காவது கால் மட்டும் தொண்டை கட்டியவன்போல் பேசியது. பெயின்டைச் சுரண்டினால் பற்றவைப்பில் மயிரிழை விரிசல். கால் தளர்ந்ததால் சட்டத்தின் சொந்த அதிர்வெண் இறங்கி, மோட்டாரின் 24-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அந்தச் சட்டத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடித்தவன் நான்தான்.

ஆலைக் கதையை விடுங்கள். கலிபோர்னியாவின் பசடேனாவில் ஒன்பது மாடி மில்லிகன் நூலகம் இருக்கிறது, இப்போது அதன் பெயர் கால்டெக் ஹால். 1967-இல் கட்டி முடித்த கையோடு அதை ஆட்டிப் பார்த்து அதிர்வெண்ணைக் குறித்து வைத்தார்கள். பிறகு 1971-இல் சான் பெர்னாண்டோ, 1987-இல் விட்டியர், 1994-இல் நார்த்ரிட்ஜ் என்று மூன்று நிலநடுக்கங்கள். ஒவ்வொன்றின்போதும் அதிர்வெண் சடாரென்று இறங்கியது, ஆட்டம் நின்றதும் ஓரளவு மீண்டது, முழுதாக மீளவில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான அளவுகளை ஒப்பிட்டபோது கிழக்கு-மேற்குத் திசையில் 22 சதவீதமும் வடக்கு-தெற்குத் திசையில் 12 சதவீதமும் குறைந்திருந்தது. வர்க்கக் கணக்கைப் போட்டால் ஒரு திசையில் 39 சதவீத விறைப்பு போயிருக்கிறது. கட்டடம் இன்றும் நிற்கிறது. விறைப்பு குறைந்தால் கட்டடம் விழும் என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். விறைப்பு வேறு, வலிமை வேறு. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாத கட்டடத்திலும் விறைப்பு குறையலாம், அளந்தவர்களுக்கு மட்டுமே அது தெரிந்தது.

அளவும் ஒரு நாள் கூத்தாக இருக்கக் கூடாது. அதே நூலகத்தில் கனமழைக்குப் பிறகு அதிர்வெண் சற்று ஏறுகிறது, பலத்த காற்றில் சற்று இறங்குகிறது. ஜொகூரில் பெய்யும் மழைக்கு இது பொருந்தாமலா போகும்? செங்கல் சுவர்களும் விறைப்பில் பங்கு வகிப்பதால், சுவர் வெடித்தாலே எண் இறங்கும். அதைத் தூணின் சேதம் என்று தப்பாக வாசிக்கக் கூடாது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. இருபது தூண்கள் தாங்கும் கட்டடத்தில் ஒரே ஒரு தூண் அடிபட்டால் மொத்த அதிர்வெண் அசையாமலே இருக்கலாம். ஆகவே மேலே அதிர்வுமானி, கீழே அந்தத் தூணில் விரிசல் அளவும், ஒலியலை செலுத்தி உட்புறத்தைப் பார்க்கும் மீயொலிச் சோதனையும், இரண்டும் வேண்டும்.

கைப்பேசியிலேயே அளந்துவிடலாம் என்று என் அக்காள் மகன் சொன்னான். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கைப்பேசியை ஒட்டிவைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிடைத்தது கைப்பேசியின் சொந்த இரைச்சல்தான். கட்டடத்தின் இயல்பான அசைவு அவ்வளவு நுண்ணியது. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. வெயிலில் தலை சுட்டதுதான் மிச்சம்.

4.1 என்பது சிறிய அதிர்வு, அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். சிறியதுதான். பெரும்பாலான கட்டடங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எங்கள் பள்ளிக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பென்தோங் பக்கம் புக்கிட் திங்கியில் 2007-இல் சிறு அதிர்வுகள் தொடங்கியபோதே மலேசியத் தீபகற்பம் அசையாத நிலம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. சபாவின் ரானாவில் 2015 ஜூன் 5 அன்று 6.0 அளவில் வந்தது, கினபாலு மலையில் 18 பேர் மாண்டார்கள். நிலநடுக்கத்துக்கான மலேசியக் கட்டட விதியின் தேசிய இணைப்பு 2017-இல்தான் வந்தது. எங்கள் பள்ளி அதற்குப் பல ஆண்டுகள் மூத்தது. அதை வரைந்தவர் நிலநடுக்கத்தை நினைத்து வரைந்திருக்கமாட்டார். அந்தப் புதிய விதியின் அடிப்படையான ஐரோப்பிய விதியிலேயே, விரிசலைக் கணக்கில் எடுக்கும்போது காங்கிரீட் உறுப்பின் விறைப்பை முழு அளவில் பாதியாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. விதி எழுதியவர்கள் விரிசல் என்றதும் பாதியைக் கழிக்கிறார்கள். நீங்கள் விரிசலைக் கண்ணால் பார்த்த பிறகும் ‘மாற்றமில்லை’ என்று எழுதுகிறீர்கள்.

இனி நாங்கள் கேட்பது.

முதலில் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள். ‘விறைப்பு அளக்கப்படவில்லை’ என்று திருத்திய அறிக்கையைப் பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். எங்களுக்குக் கோப்பில் உண்மை இருந்தால் போதும், யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, இரண்டு கட்டடங்களின் அதிர்வெண்ணையும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். முன்பு எடுத்த அளவு இல்லையே என்று கையை விரிக்க வேண்டாம். அதற்காகத்தான் பக்கத்துக் கட்டடத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். ஒரே வரைபடம், ஒரே வயது, அதில் விரிசல் இல்லை. இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தொடக்கம் கிடைக்கும். அடிமண் இரண்டுக்கும் ஒன்றல்ல என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே வரைபடத்தில் எழுந்த வேறு பள்ளிகளும் இருந்தால் அவையும் உதவும். ஒருமுறை வெயில் நாளில், ஒருமுறை மழைக்குப் பிறகு. ஜொகூரிலேயே பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கருவிக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை, ஒரு கடிதம் எழுதினால் போதும். கிடைக்கும் எண்களைப் பள்ளியிலேயே ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த அதிர்வு வரும்போது ‘முன்பு எவ்வளவு’ என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கும்.

சிற்றுண்டிச்சாலையின் கால்வாய்ப் பக்கத்துத் தூண்கள் எல்லாவற்றிலும் புட்டியை எடுத்துவிட்டு முறையாகப் பாருங்கள். விரிசலின் அகலம், ஆழம், கம்பியின் நிலை மூன்றும் அறிக்கையில் எண்ணாக வர வேண்டும். இடுப்பளவுச் சுவருக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விட்டால் தூண் முழு நீளத்துக்கு வளைய வழி பிறக்குமா என்று தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அது வரை அந்தப் பக்கத்து மேசைகளை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொள்ள அனுமதி தாருங்கள். செலவில்லாத வேலை, ஒரு மணி நேரத்தில் நாங்களே செய்துவிடுவோம்.

இந்த மாவட்டத்தில் இனி எந்தப் பள்ளியிலும் அளந்து பதிவு செய்யாமல் விரிசலின்மேல் பூசக் கூடாது என்று குத்தகையாளர்களுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள்.

இவை எல்லாம் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் நடக்க வேண்டும். என் பேத்தி அப்போது ஐந்தாம் ஆண்டுக்குப் போகிறாள், அந்த வகுப்பு மூன்றாவது தூணுக்கு நேர் மேலே இருக்கிறது. புட்டியைச் சுரண்டும் நாளை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பென்சில் கோடுகள் எந்த உயரத்தில் இருந்தன என்பது என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஃபீலர் கேஜையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பொருத்துநர்,
நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாத்தா